தேரி மணலும் வலிப் பொடியும்: குதிரைக்கு அடிக்கடி வரும் வயிற்றுவலி

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் குதிரைமொழித் தேரிக்குப் பக்கம். என்னிடம் 7 வயது ஆண் குதிரை இருக்கிறது, விதை நீக்கியது. நடுக்குதிரை வண்டிப் பந்தயத்துக்குப் பழக்கியது. எடை 350 கிலோ இருக்கும். ஆடி மாதத்திலிருந்து மூன்று நாலு முறை வயிற்றுவலி வந்துவிட்டது. முன்காலால் தரையைப் பறிக்கும், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும். ஊசி போட்டால் நிற்கிறது, கொஞ்ச நாளில் மறுபடி வருகிறது. லத்தி உருண்டையாகத்தான் விழுகிறது. ஆனால் அதற்கு முன்னும் பின்னும் தனியாகத் தண்ணீர் ஒழுகி, வாலும் பின்தொடையும் நாறுகிறது. உடம்பும் இளைத்துவிட்டது. இரண்டு வாரமாக அடிவயிற்றில் வீக்கம், விரலால் அமுக்கினால் குழி விழுகிறது. தீவனம், காலையில் 2 கிலோ மாலையில் 2 கிலோ அவித்த கொள்ளு, அதோடு கோதுமைத் தவிடு, மற்றபடி கடலைக்கொடியும் சோளத்தட்டையும். முன்காலில் நொண்டல் இருப்பதால் இரண்டு மாதமாக ஃபீனைல்பியூட்டசோன் பொடி ஒரு கிராம் பொட்டலம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று தருகிறேன். மாட்டுப் பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. விளக்கெண்ணெய் அரை லிட்டர் ஊற்றினால் எல்லாம் கழன்றுவிடும் என்கிறார் மாமா. குடல் முறுக்கியிருக்கும், ஆபரேஷன்தான் வழி என்கிறார் இன்னொருவர். தை மாதம் பந்தயம் இருக்கிறது. அதற்குள் தேறிவிடுமா?

பதில்: இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், இரண்டு காரியத்தை உடனே செய்யுங்கள். அந்த வலிப் பொடியை இந்த வேளையிலிருந்தே நிறுத்துங்கள். விளக்கெண்ணெய் புட்டியை எடுத்து உள்ளே வையுங்கள். காரணங்களைப் பிறகு சொல்கிறேன். இந்த இரண்டையும் செய்தாலே உங்கள் குதிரைக்கு வரக்கூடிய பெரிய கேடுகளில் பாதி விலகும்.

குடல் முறுக்கு என்று சொன்னவரின் பயம் எனக்குப் புரிகிறது. குதிரைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள பயம் அது. ஆனால் பெருங்குடல் முழுதாக முறுக்கிக்கொண்ட குதிரை மாதக்கணக்கில் வலித்தும் தெளிந்தும் ஓட்டிக்கொண்டிருக்காது. ஊசிக்கும் அடங்காது. சில மணி நேரத்தில் ஆபரேஷன் நடக்காவிட்டால் பிழைக்காது. ஊசிக்கு அடங்கி, நாள் விட்டுத் திரும்ப வந்து, உடம்பை இளைக்க வைக்கும் வலி வேறு வகை. பெருங்குடலின் உட்சுவரை ஏதோ ஒன்று தொடர்ந்து அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படி அரிக்கக்கூடியவை இரண்டு உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன, ஒன்று மணல், மற்றொன்று அந்தப் பொடி.

இவற்றைப் புரிந்துகொள்ளக் குதிரையின் குடலமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மாட்டுக்கு முன்பக்கம் பெரிய இரைப்பை இருக்கிறது, தின்ற நார் முதலில் அங்கே புளித்துச் செரிக்கிறது. குதிரைக்கு எல்லாம் பின்பக்கம். இரைப்பை 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். சிறுகுடலைத் தாண்டியதும் சுமார் 30 லிட்டர் கொள்ளும் குருட்டுக்குடல், அதையடுத்து 50 லிட்டருக்கு மேல் கொள்ளும் பெருங்குடல். கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இங்கே நாரைச் சிதைத்துக் கொடுக்கும் அமிலங்களிலிருந்துதான் குதிரை தன் சக்தியில் பெரும்பகுதியைப் பெறுகிறது. மூன்று நான்கு மீட்டர் நீளமுள்ள அந்தப் பெருங்குடல் வயிற்றுக்குள் இரண்டாக மடிந்து, கீழ் அடுக்கு மேல் அடுக்கு என்று கிடக்கிறது. இடப்பக்கம் இடுப்பெலும்புக்கு அருகே அது திடீரெனக் குறுகித் திரும்பும். தட்டையும் சக்கையும் வந்து அடைத்துக்கொள்ளும் இடம் பெரும்பாலும் அதுதான். வலப்பக்க மேல் அடுக்கு முடியும் இடத்தில் இன்னொரு குறுகல் இருக்கிறது. மணல் பெரும்பாலும் கீழ் அடுக்கில் படியும். வலி மருந்தால் வரும் புண் வலப்பக்க மேல் அடுக்கில் வரும்.

மணலை முதலில் பார்ப்போம். தேரி மணல் எவ்வளவு நுண்ணியது என்று உங்களுக்கே தெரியும். காற்றடித்தால் வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும். அந்த மண்ணில் கட்டிய குதிரைக்குத் தீவனத்தைத் தரையில் போட்டால் ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் மணல் போகும். அதிலும் கடலைக்கொடி! வேரோடு பிடுங்கிக் காயவைக்கும் கொடி அது. நல்ல சத்துள்ள தீவனம், குறையொன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் உதறாமல் போட்டால் வேரில் ஒட்டிய மண்ணையும் சேர்த்துத்தான் குதிரை தின்கிறது. நாளுக்கு ஒரு கைப்பிடி வீதம் உள்ளே போய் எல்லாம் வெளியே வராமல் தங்கினால், சில மாதத்தில் கிலோக்கணக்கில் குடலின் அடியில் கிடக்கும். அந்தக் கனம் சுவரை உரசி உரசிப் புண்ணாக்கும். குடல் அசையும்போது வலிக்கும். உருண்டையான லத்தியோடு தனியாகத் தண்ணீர் ஒழுகுவதற்கும் மணல் ஒரு காரணமாகலாம்.

இதை நீங்களே பார்க்கலாம். குதிரை லத்தி போட்டதும் தரையைத் தொடாத மேல் உருண்டைகளாக ஆறு எடுங்கள். வாயகன்ற கண்ணாடி பாட்டிலில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர் ஊற்றி, உருண்டைகளை அதில் உதிர்த்துக் கலக்கி, அரை மணி நேரம் ஆட்டாமல் வையுங்கள். சக்கை மேலே நிற்கும், மணல் அடியில் இறங்கும். உங்கள் ஊர் மணல் சிவப்பு, அதனால் கண்ணுக்கே தெரியும். மேலே உள்ளதை மெல்லச் சரித்துவிட்டு அடியில் இருப்பதை விரலால் தேய்த்துப் பாருங்கள். ஒரு டீஸ்பூனுக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டிய விஷயம். அடுத்தடுத்து மூன்று நாள் செய்யுங்கள். ஒன்றுமே தங்கவில்லை என்றால் மணல் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நகராமல் கிடக்கும் மணல் லத்தியில் வராது. டாக்டர் வரும்போது ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்செலும்புக்குச் சற்றுப் பின்னால், அடிவயிற்றின் நடுக்கோட்டில் வைத்து ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்கச் சொல்லுங்கள். மணல் உள்ள குதிரைக்கு அந்த இடத்தில் அலை கரையேறித் திரும்பும்போது மணலை இழுத்துக்கொண்டு போகும் ஓசை கேட்கும். ஒருமுறை கேட்ட காது மறக்காது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது மணல் அல்ல, அடிவயிற்று வீக்கம்.

அமுக்கினால் குழி விழும் வீக்கம் என்றால் தோலுக்கடியில் நீர் கோர்த்திருக்கிறது. இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதம்தான் நீரைக் குழாய்க்குள்ளேயே பிடித்து வைக்கிறது. அது குறைந்தால் நீர் கசிந்து, தாழ்ந்த இடமான அடிவயிற்றில் இறங்கும். நன்றாகத் தின்னும் குதிரைக்கு ஆல்புமின் எங்கே போகிறது? பெரும்பாலும் புண்பட்ட குடல் வழியாக ஒழுகிப் போகிறது. குடற்புழுவாலும் இப்படி நடக்கும். ஆனால் இரண்டு மாதம் ஃபீனைல்பியூட்டசோன் தின்ற குதிரையில் முதல் சந்தேகம் அந்த மருந்தின் மேல்தான்.

அந்த மருந்தைத் திட்ட மாட்டேன். கால் வலிக்கும் குளம்பு வலிக்கும் உலகமெங்கும் பல பத்தாண்டுகளாகப் பயன்படும் நல்ல மருந்து. அதன் எல்லை மிகக் குறுகியது, அதுதான் சிக்கல். முதல் நாள் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4.4 மில்லிகிராம், இரண்டு வேளை. அதன்பின் பாதி அளவு, சீக்கிரமே ஒரு வேளையாகக் குறைத்து, சில நாளில் நிறுத்தப் பார்க்க வேண்டும். 350 கிலோ குதிரைக்கு அந்தப் பாதி அளவு ஒரு வேளைக்கு முக்கால் கிராம் சொச்சம். நீங்கள் வேளைக்கு ஒரு கிராம், அதுவும் இரண்டு வேளையும், இரண்டு மாதம் கொடுத்திருக்கிறீர்கள். பந்தயக் குதிரை, வெயில் ஊர், வியர்த்துக் களைத்த உடம்பு. நீர் வற்றிய உடம்பில் இந்த மருந்தின் கேடு இன்னும் கூடும். வலியைக் குறைக்க அது தடுக்கிற அதே சுரப்புதான் குடல் சுவருக்கு இரத்த ஓட்டத்தையும் சளிப் பூச்சையும் காத்துக்கொடுக்கிறது. காப்பு போனதும் வலப்பக்க மேல் பெருங்குடலில் புண் விழும், சுவர் தடிக்கும், புரதம் ஒழுகும். விட்டுவிட்டு வரும் வலி, இளைப்பு, அடிவயிற்று வீக்கம் எல்லாம் இந்த நோயின் அடையாளங்களே. பொடியைக் கொடுக்கச் சொன்னவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும். கடையில் கேட்டதும் கிடைக்கிறது என்பதற்காக அளவில்லாமல் போகும் மருந்து இது ஒன்று மட்டும் அல்ல, எனக்கு மிகவும் வருத்தமான விஷயம் அது.

இனி சிகிச்சைக்கு வருவோம். உங்கள் குதிரையிடம் ஒரு முரண் இருக்கிறது, அதனால்தான் கடிதத்தை வைத்து மருந்து எழுதித் தர எனக்கு மனம் வரவில்லை. மணலை வெளியேற்ற நார் நிறைய வேண்டும். காய்ந்த புல் தொடர்ந்து உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் குடல் அசைந்து மணலைத் தள்ளும். புண் ஆற வேண்டுமானால் நீளமான நார் கூடாது, பெருங்குடலுக்குச் சுமையைக் குறைத்து மூன்று முதல் ஆறு மாதம் ஓய்வு தர வேண்டும். ஒன்றுக்கான வைத்தியம் மற்றொன்றைக் கெடுக்கும். எது முதன்மை என்று தெரியாமல் எதையும் ஆரம்பிக்கக் கூடாது.

தெரிந்துகொள்ள வழி எளிது. இரத்தம் எடுத்து ஆல்புமின், மொத்தப் புரதம், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பொடி சிறுநீரகத்தையும் இரைப்பையையும்கூடக் கெடுக்கும். குதிரைக்கு ஆல்புமின் டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்குக் கீழே இறங்கினாலே குறைவுதான். நீர் கோர்த்த குதிரையில் அது 2-க்கும் கீழே இருக்கக் கண்டிருக்கிறேன். அடுத்து ஸ்கேன். வலது விலாவில், 11 முதல் 13-வது விலா எலும்புகளின் இடையே, கல்லீரலுக்கு அருகே அந்தக் குடல் சுவரைப் பார்க்கலாம். சுவர் 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 6-ஐத் தாண்டினால் நோய் இருப்பதாகவே பலமாகச் சந்தேகிக்க வேண்டும். ஸ்கேனில் சரியாக இருப்பதாலேயே நோய் இல்லை என்றும் ஆகாது. மூன்றாவதாக லத்தியில் புழு முட்டை எண்ணிக்கை. உங்களுக்குத் திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிதான் பக்கம். குதிரையை ஏற்றுவதற்கு முன் போன் செய்து, பெரிய விலங்குகளுக்கான ஸ்கேன் எந்த நாளில் எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டு போங்கள். இரத்தத்தை உள்ளூர் டாக்டரே எடுத்து அனுப்பலாம்.

ஆல்புமின் குறைந்து, குடல் சுவரும் தடித்திருந்தால் புண்ணைத்தான் முதலில் ஆற்ற வேண்டும். இந்த வகை வலி மருந்து எதுவும் கூடாது. பொடியை நிறுத்திவிட்டு வேறு பெயரில் இன்னொன்றை ஆரம்பிப்பதும் அதே தவறுதான். மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். 2006 முதல் கால்நடைகளுக்கு அது தடை செய்யப்பட்டது. அதைப் போட்டு இறந்த கால்நடையைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டங்கூட்டமாய் அழிந்தன. 2023-ல் கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் அந்தத் தடையில் சேர்ந்தன. கடலைக்கொடி, சோளத்தட்டை இரண்டையும் நிறுத்திவிட்டு, குதிரைக்கென்று விற்கும் முழுத்தீவனக் குச்சியை நனைத்து, நாளுக்கு ஐந்தாறு தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பந்தய, சவாரிக் குதிரைகளுக்குத் தீவனம் விற்பவர்களிடம் கிடைக்கும். இளம் பச்சைப்புல்லில் சிறிது நேரம் மேய விடலாம், மணல் இல்லாத இடத்தில். இசப்கோல் உமியைச் சிறிய அளவில் தினமும் சேர்த்தால் பெருங்குடலுக்கு நல்லது. மக்காச்சோள எண்ணெய்யைச் சில ஸ்பூனில் தொடங்கி நாளடைவில் கூட்டலாம், எடை ஏற உதவும். சுக்ரால்ஃபேட், மிசோப்ரோஸ்டால் போன்ற மருந்துகள் வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்வார். மிசோப்ரோஸ்டாலை வீட்டில் கர்ப்பிணிகள் யாரும் கையால் தொடக் கூடாது, கருவைக் கலைக்கும் மருந்து அது. ஆல்புமின் மிகவும் இறங்கியிருந்தால் வேறொரு குதிரையின் பிளாஸ்மா ஏற்ற வேண்டிவரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆல்புமினைப் பாருங்கள். குதிரை தேறுகிறதா என்று அதுதான் சொல்லும், கண்ணுக்குத் தெரியும் பளபளப்பு அல்ல.

ஆல்புமின் சரியாக இருந்து மணல்தான் காரணம் என்று தெரிந்தால் வழி வேறு. மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் இறக்கி, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் இசப்கோலும் அதே அளவு மெக்னீசியம் சல்பேட்டும் தண்ணீரில் கரைத்து, தினம் ஒருமுறை வீதம் நான்கு நாள் விடுவது இப்போது பரவலான முறை. உங்கள் குதிரைக்கு இரண்டிலும் 350 கிராம். தனித்தனியாகக் கொடுப்பதைவிட இரண்டும் சேர்ந்தால் மணல் நன்றாகக் கழிகிறது. இசப்கோலைத் தண்ணீரில் போட்டதும் சில நிமிடத்தில் கூழாகிவிடும், குழாயில் அடைத்துக்கொள்ளும். குழாயை இறக்கிச் சரிபார்த்த பிறகுதான் கலக்க வேண்டும். உலகமெங்கும் குதிரைகளுக்குப் போகும் இசப்கோலில் பெரும்பகுதி நம் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைவது. இங்கே அது மலிவு, அதனால் செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் மெக்னீசியம் சல்பேட்டைப் புண்பட்ட குடலிலோ நீர் வற்றிய உடம்பிலோ சிறுநீரகம் கெட்ட குதிரையிலோ விடக் கூடாது. ஆல்புமினையும் கிரியாட்டினினையும் பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இரண்டும் சேர்ந்தே இருந்தால்? உங்கள் குதிரைக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்போது புண்ணுக்குத்தான் முதலிடம். உள்ளே போகும் மணலை இன்றே நிறுத்திவிட்டு, இசப்கோல் மட்டும் கொடுத்து, ஆல்புமின் ஏறிய பிறகு மிச்ச மணலைக் கவனிக்கலாம். நிறுத்துவது உங்கள் கையில் இருக்கிறது. லாயத்தில் தீவனத் தொட்டிக்குக் கீழே பழைய கன்வேயர் பெல்ட்டையோ ரப்பர் பாயையோ விரித்து, இரண்டு வேளையும் பெருக்கிவிடுங்கள். சிந்தியதைத்தான் குதிரை மண்ணோடு சேர்த்துப் பொறுக்கும். பட்டினி கிடக்கும் குதிரை மண்ணை நக்கும். உப்புக் கட்டி தொங்கவிடுங்கள். தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். கடலோரக் கிணறுகளில் உப்பேறியிருந்தால் குதிரை போதுமான அளவு குடிக்காது. இந்த எடைக்குச் சும்மா நிற்கும் நாளிலேயே 20 லிட்டராவது வேண்டும், ஓடுகிற நாளில் அதைவிட எவ்வளவோ கூடும். தண்ணீர் குறைந்தால் தட்டை இடுப்படித் திருப்பத்தில் போய் அடைக்கும். அப்படி அடைத்த குதிரைக்கு டாக்டர் மலவாய் வழியே கைவிட்டுப் பார்த்தால், விரல் அழுத்தினால் பள்ளம் விழும் கட்டி இடப்பக்கம் தட்டுப்படும். தீவனத்தை நிறுத்தி, மூக்குக் குழாய் வழியே உப்புச் சேர்த்த தண்ணீரைப் பல தவணையாக விட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் கரைந்துவிடும்.

கொள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் குதிரைக்குக் கொள்ளு காலங்காலமாக ஒத்துவந்த தீனிதான், அதை நான் விலக்கச் சொல்லவில்லை. ஒரே வேளையில் இரண்டு கிலோவும் அதன்மேல் தவிடும் என்பதுதான் அதிகம். ஒரு வேளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்துக்கு மேல் போனால், சிறுகுடலில் செரிக்காத மிச்சம் பெருங்குடலில் விழும். அங்கே லாக்டிக் அமிலம் பெருகும், நல்ல நுண்ணுயிர் மடியும், நச்சு இரத்தத்தில் ஏறும். அந்தக் கேடு கடைசியில் குளம்பில் போய் நிற்கும், குளம்பின் உட்திசு அழன்று குதிரை நொண்டும். உங்கள் குதிரையின் நொண்டலே அதனால்கூட இருக்கலாம்! குளம்பைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா, கணுக்காலுக்குப் பின்னால் நாடி பலமாகத் துடிக்கிறதா என்று. லாடம் அடிப்பவரை மட்டும் நம்பாமல் டாக்டரிடம் காலைக் காட்டுங்கள். தவிட்டையும் தினமும் கொடுக்காதீர்கள், அதில் பாஸ்பரஸ் கூடுதல், கால்சியம் குறைவு. நாளடைவில் எலும்பை மென்மையாக்கிவிடும். தீவனத்தில் எந்த மாற்றத்தையும் பத்து நாளில் சிறுகச் சிறுகச் செய்யுங்கள். கோழித் தீவனத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் குதிரைக்குப் போடாதீர்கள். அதில் கலக்கப்படும் மொனென்சின் போன்ற மருந்துகள் கோழிக்குப் பாதுகாப்பானவை, குதிரையின் இதயத்தைக் கொல்பவை. சில மாட்டுத் தீவனங்களிலும் அது உண்டு.

பூச்சி மருந்து கொடுத்தாயிற்று என்கிறீர்கள். மாட்டுக்குக் கொடுக்கும் அல்பெண்டசோல் போன்ற மருந்துகளுக்குக் குதிரையின் பெருங்குடலில் வாழும் சின்னப் புழுக்கள் உலகம் முழுவதும் சாகாமல் தாங்கப் பழகிவிட்டன. முட்டை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் குதிரைக்கான ஐவர்மெக்டின் பேஸ்ட்டை எடைக்கேற்ப வாயில் கொடுங்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி வேண்டாம். பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கூர்ந்த கடைவாய்ப்பல் உள்ள குதிரை தட்டையை மெல்லாமல் விழுங்கும்.

மாமாவின் விளக்கெண்ணெய்க்கு வருகிறேன். அக்கறையில்தான் சொல்கிறார். மனிதருக்குப் பேதிக்குக் கொடுத்துப் பழகிய கை அவருடையது. குதிரையின் கதை வேறு. ஆராய்ச்சிக்காகக் குதிரைக்குப் பெருங்குடல் அழற்சியை வேண்டுமென்றே வரவழைத்தபோது விஞ்ஞானிகள் கொடுத்தது இதே விளக்கெண்ணெய்தான். ஏற்கெனவே புண்பட்ட குடலில் அரை லிட்டரை ஊற்றினால் அடங்காத கழிச்சலும் நீர் வற்றலுமாகக் குதிரை இரண்டு மூன்று நாளில் போய்விடலாம். எந்த எண்ணெய்யானாலும் தலையைத் தூக்கிக் கட்டிப் புட்டியால் வாயில் ஊற்றுவது இன்னொரு அபாயம். வழவழப்பான எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கும். அப்படி நிமோனியா வந்து இறந்த குதிரைகளைப் பார்த்திருக்கிறேன், வயிற்றுவலி அப்போது தானே சரியாகியிருந்தது. அடைப்புக்கு லிக்விட் பாரஃபின் விட வேண்டுமானாலும் டாக்டர் மூக்குக் குழாய் வழியேதான் விட வேண்டும். லத்தி வரவில்லை என்று சோப்புக் கட்டியோ குச்சியோ கையோ பின்வாயில் நுழைக்கவும் வேண்டாம். குதிரையின் மலக்குடல் எளிதில் கிழியும், கிழிந்தால் காப்பாற்றுவது கடினம்.

அடுத்த முறை வலி வந்தால் என்ன செய்வது? தீவனத்தை உடனே எடுத்துவிடுங்கள். கல், முள் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். கொஞ்சம் மெதுவாக நடத்தலாம், அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடுங்கள். இரவு முழுக்க இழுத்துக்கொண்டு நடந்து இருவரும் களைத்துப்போக வேண்டியதில்லை. நாடியைப் பாருங்கள். தாடை எலும்பின் கீழ்விளிம்பில் விரலை வைத்தால் கயிறு போல ஒரு குழாய் உருளும், அங்கே துடிப்பை எண்ணலாம். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். இன்றே, நன்றாக இருக்கும்போதே எண்ணிப் பழகிக்கொள்ளுங்கள். 60-ஐத் தாண்டி இறங்காமல் நின்றாலோ, ஈறு செங்கல் நிறமாகவோ ஊதாவாகவோ மாறினாலோ, வயிறு உப்பிக்கொண்டே போனாலோ, ஊசி போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வலி திரும்பினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கால்நடை அவசர உதவி எண் 1962-ஐ அழைத்து, அதே சமயம் வண்டிக்கும் ஏற்பாடு செய்யுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, இரைப்பை நிரம்பினால் வெடிக்கும். மூக்குக் குழாய் இறக்கத் தெரிந்த டாக்டர் வருவதே அப்போது உயிர்காக்கும் சிகிச்சை. ஒன்றை மட்டும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், குதிரை எத்தனை நாள் எவ்வளவு ஃபீனைல்பியூட்டசோன் தின்றது என்று. வயிற்றுவலிக்கு வழக்கமாகப் போடும் ஃபுளுனிக்சினும் அதே குடும்பம்தான். உங்கள் குதிரைக்கு அவர் வேறு மருந்தைத் தேட வேண்டியிருக்கும்.

தைப் பந்தயத்தை விட்டுவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. புண் ஆறக் குறைந்தது மூன்று மாதம், அதன்பின் உடம்பு தேற இன்னும் சில மாதம். வலியை மறைத்து ஓட்டினால் காலும் போகும், குடலும் சுருங்கித் தழும்பாகி அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்புக்கு ஆபரேஷன் செய்தாலும் பிழைப்பது அரிது. இதுவரை உங்கள் குதிரைக்கு ஆபரேஷன் தேவை என்று சொல்ல ஒன்றும் இல்லை. 7 வயது குதிரைக்கு ஓட இன்னும் எத்தனையோ ஆண்டு இருக்கிறது.

டாக்டரிடம் போகும்போது பொடிப் பொட்டலத்தின் காலி உறை ஒன்று, மணல் பாட்டில், கடைசியாகப் போட்ட ஊசிகளின் பெயர் எழுதிய தாள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்த முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். ஆல்புமின் எவ்வளவு என்று முதல் வரியில் எழுதிவிடுங்கள்.